அந்த 120 இப்போது வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 120 சதுர அடி கேனோபி, அதாவது விமானத்திலிருந்து குதித்தபின் தலைக்கு மேலே விரியும் பாராசூட் துணி, யாரோ ஒருவர் கொஞ்ச நாள் குதித்துவிட்டு விற்கிறார், விலையும் குறைவு, நிறமும் உனக்குப் பிடித்த மஞ்சள். "இங்கே எல்லாரும் நீ ரெடின்னு சொல்றாங்கப்பா" என்று எழுதியிருக்கிறாய். இதை ஃபோனில் அவசரமாகப் பேச எனக்கு மனம் இல்லை. நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன். அதை வாங்காதே கண்ணு. இப்போது வேண்டாம்.

குதிப்பதை நிறுத்து என்று சொல்லவில்லை. அது உனக்கே தெரியும். இங்கே கோயம்புத்தூரில் கல்யாண வீடுகளுக்குப் போனால், "பொண்ணு ஏன் விமானத்துல இருந்து குதிக்குது, நல்லாப் படிச்ச புள்ளதானே" என்று கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன். ரேச்சல் தாமஸ் 1979இல் ஆக்ராவில் முதல் தடவை குதித்தபோது அவர் குழந்தைகளுக்குத் தாய். 2002இல் வட துருவத்திலும் போய்க் குதித்தார். நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. இதைச் சொன்னால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். நீ குதிப்பதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு.

ஆக்ரா பாராசூட் பயிற்சிப் பள்ளியில் நான் பயிற்றுநராக இருந்த காலத்தில், ஏஎன்-32 விமானத்தின் கதவருகே வந்து நிற்கும் பையனுக்கு முடிவெடுக்க எதுவுமே இருக்காது. எந்தப் பாராசூட், எத்தனை அடி உயரம், காற்று எவ்வளவு இருந்தால் ரத்து, எல்லாம் மேலேயே முடிவாகி வரும். அவன் தோளில் தட்டினால் குதிக்க வேண்டும். விமானத்தில் மாட்டிய ஸ்டாடிக் லைன் என்ற கயிறே பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். வட்டப் பாராசூட்டை அதிகம் திருப்பவும் முடியாது. கால்களைச் சேர்த்து வைத்து, விழுந்து உருளத் தெரிந்தால் போதும்.

உங்கள் விளையாட்டு அப்படி இல்லை. உரிமம் கையில் வந்துவிட்டால் ஏறக்குறைய எல்லா முடிவும் உன்னுடையது. பிரான்சில் எடையையும் குதிப்பு எண்ணிக்கையையும் வைத்து, கேனோபி இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று பாராசூட் கூட்டமைப்பே அட்டவணை போட்டிருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பாராசூட் சங்கம் பரிந்துரைதான் செய்கிறது. உத்தரவு இல்லாத அந்த இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று யோசித்துப் பார். சாயங்காலம் கடைசி விமானம் இறங்கிய பிறகு உட்கார்ந்து பேசுகிறார்களே, அவர்களுடைய பேச்சுதான் நிரப்புகிறது.

அந்தப் பேச்சை நான் குறைத்து மதிப்பிடவில்லை. போன குளிர்காலத்தில் நானும் அம்மாவும் ஈலாய்க்கு வந்து, உன்னோடு வாரக் கடைசிகளில் அங்கேயே இருந்ததில் எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் மரியாதை வந்தது. அரிசோனாப் பாலைவனத்தில், ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில், பருத்தி வயல்களை ஒட்டி ஒரு ஓடுதளம். அங்கே மருத்துவரும் லாரி ஓட்டுநரும் அறுபது தாண்டிய பாட்டிகளும் ஒரே தரையில் மண்டியிட்டுப் பாராசூட் மடிக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்னால் நாலு பேர் தரையில் வட்டமாக நின்று, மேலே செய்யப் போவதை நடந்து நடந்து ஒத்திகை பார்க்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிட விழுதலுக்கு அத்தனை ஒத்திகை! மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது யோசிக்க நேரம் இருக்காது, யோசனையெல்லாம் தரையிலேயே முடிந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு காட்சி எனக்கு மறக்கவே இல்லை. விமானத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பையனை, அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா நிறுத்தி மார்பு வாரைக் காட்டினார். வார் கொக்கிக்குள் தப்பாகக் கோத்திருந்தது. அவன் சரிசெய்துகொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் கூசவில்லை. ராணுவத்தில்கூட இது இவ்வளவு இயல்பாக நடக்காது. அங்கே பதவி குறுக்கே வந்துவிடும். விமானத்துக்குள்ளே வெளியேறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையைத் தொடுகிறார்களே, அதுவும் எனக்குப் பிடித்தது.

உன் நூறாவது குதிப்புக்கு முகத்தில் கிரீம் அப்பினார்கள் என்று அம்மாவுக்கு முதலில் கோபம். எனக்கு அதில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. எதையாவது முதல் தடவை செய்தவர் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் இவர் இதற்குப் புதிது என்று அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. கடைசி விமானம் தரையைத் தொடும் வரை யாரும் ஒரு சொட்டு குடிப்பதில்லை என்பதையும் பார்த்தேன். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் பயணிகளுக்காக உங்களுக்கு இடம் தள்ளிப்போகிறது என்று முணுமுணுப்பவர்களோடு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் கொடுக்கிற பணத்தில்தான் ட்வின் ஓட்டர் விமானம் பறக்கிறது, நீங்கள் ஒரு தடவைக்கு முப்பது டாலர் அளவில் 13,000 அடிக்குப் போய்வர முடிகிறது.

இவ்வளவு நல்ல கூட்டம், வார் தப்பாக இருந்தால் முன்பின் தெரியாதவரையும் நிறுத்திச் சொல்கிற கூட்டம், கேனோபி அளவு என்று வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் "நீ நல்லா இறங்குற, சின்னதுக்குப் போ" என்று பாராட்டாகவே சொல்கிறார்கள். சின்னதுக்குப் போவது அங்கே பதவி உயர்வு மாதிரி ஆகிவிட்டது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கணக்கைப் பார்க்கலாம். கருவிகளோடு சேர்த்து உன் எடை 160 பவுண்டு. இப்போது உன்னிடம் இருப்பது 150. எடையைக் கேனோபியின் சதுர அடியால் வகுத்தால் வரும் விங் லோடிங் 1.07. 135 என்றால் 1.19. 120 என்றால் 1.33. நூறு குதிப்புக்கு 0.1 வீதம் 1.0க்கு மேல் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் போகாதே என்று உங்கள் விளையாட்டில் பலரும் சொல்கிற கணக்குப்படி, 200ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிற உனக்கு 1.2தான் எல்லை. நீ ஒரு படியை விட்டுவிட்டுத் தாண்டப் பார்க்கிறாய். இன்னொன்றும் இருக்கிறது. ஒரே விங் லோடிங்காக இருந்தாலும், சின்னக் கேனோபிக்குக் கயிறுகள் நீளம் குறைவு. அது கையசைவுக்குச் சட்டென்று திரும்பும், திரும்பும்போது உயரத்தையும் சட்டென்று விடும். எடை குறைந்த பெண்கள் இந்தக் கணக்கில் ஏமாறுவது அதனால்தான்.

தாழ்வான உயரத்தில் யாராவது குறுக்கே வந்தால் கை தானாக ஒரு பக்கக் கயிற்றை ஆழமாக இழுக்கும். கேனோபி பாயும், நீ ஊஞ்சல் மாதிரி வெளியே வீசப்படுவாய். திரும்பவும் அதன் அடிக்கு வந்து நேராக, உயரம் வேண்டும். அந்த உயரம் இல்லாவிட்டால், எந்தக் கோளாறும் இல்லாத பாராசூட் தலைக்கு மேலே விரிந்திருக்கும்போதே தரை வந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2023இல் 10 பேர், 2024இல் 9 பேர். குதிப்புகள் லட்சக்கணக்கில் நடக்கிற நாட்டில் இது பெரிய சாதனை. பாராசூட் கருவிகள் வடிவமைத்த பில் பூத் கொண்டுவந்த, கோளாறான பாராசூட்டைச் சட்டென்று கழற்றிவிடும் மூன்று வளையப் பூட்டு, 1991இல் வந்த சைப்ரஸ் என்ற கருவி, சதுரப் பாராசூட், ஒழுங்கான பயிற்சி, எல்லாம் சேர்ந்து செய்தது. சைப்ரஸ் வேகத்தையும் உயரத்தையும் அளந்து, நீ எதையும் இழுக்காவிட்டாலும் ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். ஆனால் நல்ல கேனோபியோடு தரையில் மோதுகிறவரை அது காப்பாற்றாது. இன்றைக்கும் நடக்கிற மரணங்களில் ஒரு பெரிய பங்கு அந்த வகைதான். கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, அதே அளவுக்கு மனிதர் துணிச்சலைக் கூட்டிப் பழைய கணக்கையே கொண்டுவந்துவிடுவார் என்று பூத் சொன்னதை உங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் சின்னக் கேனோபி தேடப் போகிறார்கள்.

நாங்கள் அங்கே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோன ஒருவரின் சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு நண்பர்கள் குதித்ததை அம்மா பார்த்தாள். கீழே வந்து எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதைப் பற்றி அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம். 135 வாங்கு. பணம் போதாவிட்டால் நான் அனுப்புகிறேன். வாங்குவதற்கு முன்னால், இப்போதிருக்கும் 150லேயே எல்லாவற்றையும் செய்து பார். இரண்டு கயிறுகளையும் ஓரளவு இழுத்துப் பிரேக்கில் வைத்துக்கொண்டு பாயாமல் தட்டையாகத் திரும்புவது, காற்று இல்லாத நாளில் இறங்குவது, பக்கக் காற்றில் இறங்குவது, நினைத்த இடத்திலேயே இறங்குவது. முதலில் உயரத்தில் பழகு. பி உரிமத்துக்காகக் கேனோபிப் பயிற்சி ஒரு தடவை முடித்தாய், அது ஆரம்பம்தான். உன் ஒவ்வொரு இறங்குதலையும் வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்துகிற பயிற்சியாளரிடம் இன்னொரு தடவை போ. அதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூனில் வாங்கிய உடனே குதிக்கலாம் என்று நினைக்காதே. நாற்பது டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடும், அதே கேனோபி அங்கே இன்னும் வேகமாக இறங்கும். வயல் நடுவிலோ கள்ளிச்செடிப் பக்கமோ இறங்க வேண்டி வந்தால், பெரிய கேனோபி கொடுக்கிற அந்த ரெண்டு மூணு விநாடி உனக்குக் கட்டாயம் வேண்டும். புதுசை அக்டோபரில் ஆரம்பி.

அப்புறம், "எல்லாரும்" என்று எழுதினாயே, அது யார் யார் என்று பேர் போட்டு எழுது. அதில் உன் இறங்குதலைப் பத்துத் தடவையாவது நின்று பார்த்தவர் எத்தனை பேர், உன்னைவிட ஐம்பது குதிப்பு மட்டும் கூட உள்ளவர் எத்தனை பேர் என்று நீயே பிரித்துப் பார். காற்று அதிகமாக இருந்த அன்று முதலில் கருவியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள். அவர்களிடம் போய், "என் இறங்குதலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேள். கேட்டால் அவர்கள் சொல்வார்கள், நான் பார்த்தவரை அப்படித்தான்.

உன் ரிசர்வை, அதை மடிக்க உரிமம் உள்ள ரிக்கர் மடித்துக் கொடுத்தாரே, மறுபடி மடிக்க வேண்டிய 180 நாள் கெடு எப்போது முடிகிறது என்று எழுது. மே மாதம் என்று ஞாபகம். அம்மா முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், போன தடவை விமான ஓட்டுநர் கேட்டாரே, அவருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்கிறாள். மஞ்சள் கேனோபிக்காரருக்கு இன்றைக்கே பதில் போட்டுவிடு, அவரும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா