நேரம் பார்க்கும் மேசையில் எனக்கும் ஒரு கதிரை

அன்புள்ள எல்லோருக்கும்,

நடந்தது உங்களுக்குத் தெரியும். வின்டர்தூரில் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது என்றே நினைக்கிறேன், அதனால் அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். போன கிழமை யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். இப்போது குசினியில் நின்று தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறையைக் கேட்க எவ்வளவு சந்தோசமாக இருக்கிறது தெரியுமா!

சமைத்துக் கொண்டுவந்து, மணி அடித்தால் நான் எழும்பி வரவேண்டுமே என்று கதவுப்பிடியில் பையைத் தொங்கவிட்டுப் போனவர்கள், இரவு வேலையை மாற்றித் தந்த வேலைத்தலத்துத் தோழிகள், மகனைப் புதன்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கும் அங்கிருந்து பயிற்சிக்கும் ஏற்றி இறக்கிய அண்ணா, கடிதங்களை வாசித்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிய மேல்மாடி அன்ரி, நேர்த்தி வைத்தவர்கள், காசு சேர்த்துவிட்டு யார் தந்தது என்று சொல்ல மறுத்தவர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து சொல்லுவேன். அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள்: நன்றி, நன்றி.

இந்த மடலில் கூடின இடத்தை ஒரு சுவிஸ் பெரியவருக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களில் அனேகமாக ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டியதை என் ஜெர்மனில் நேரில் சொல்லிப் பார்த்தேன், இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது. “சரி, சரி” என்று கையை அசைத்துவிட்டு அன்றைய ஆட்டங்களின் பட்டியலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மிச்சத்தை உங்களிடம் சொன்னால்தான் மனம் ஆறும்.

மகன் ஃபாடி வின்டர்தூர் என்ற கழகத்தின் இளையோர் அணியில் விளையாடுகிறான். கால்பந்து இல்லை, ஹாண்ட்போல். 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலமான மண்டபத் தரையில் பக்கத்துக்கு 7 பேர். “கையால் எறிவதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று கேட்ட மாமாமாருக்கு இந்த மடலிலும் நான் பதில் சொல்லப் போவதில்லை.

இந்தக் கழகத்தில் பிள்ளை விளையாடினால் பெற்றோருக்கும் வேலை உண்டு. ஒருவர் கேக் செய்ய வேண்டும், ஒருவர் வெளியூர் ஆட்டத்துக்குக் கார் ஓட்ட வேண்டும், அணியின் உடுப்புப் பையை முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் முறை வரும்போதெல்லாம் யாராவது முந்திக்கொண்டு எடுத்துவிடுவார்கள். அது பெரிய உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் எங்கள் பெயரை வெட்டிவிட்டு வேறொருவர் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கப் பார்க்க, நாங்கள் எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகவே தயக்கமாக இருந்தது. வாசலில் இருந்து வாங்கு வரை போவதற்குள் நாலு பேர் கையைப் பிடித்து, “எப்படி இருக்கிறார்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். என்னிடம் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. அதனால் உள்ளே போகாமல் கதவடியிலேயே நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் அந்தப் பெரியவர் மேசையில் இருந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும் மேசையில் நேரம், கோல், தண்டனை எல்லாம் குறிப்பது அவருடைய ராச்சியம். இங்கே கழகத்தில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லி, நீ என்று கதைப்பார்கள். எனக்கு அவ்வளவு வயதானவரை நீ என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. “நேரம் பார்க்க வேண்டிய ஆளைக் காணவில்லை. உங்களுக்கு ஒரு பொத்தானை அமத்தத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார், நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். விசில் ஊதினால் மணிக்கூட்டைத் தொடங்க வேண்டும். கோல் விழுந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். நடுவர் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினால் நிறுத்த வேண்டும். பயிற்சியாளர் பச்சை அட்டையைக் கொண்டுவந்து வைத்தால் அவருடைய அணிக்குச் சின்ன இடைவேளை, அப்போதும் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் அவர் ஆட்டம் நடக்க நடக்கத்தான் சொல்லித் தந்தார். கண் பந்தில், காது விசிலில், விரல் பொத்தானில். இடைவேளைக்கு மணி அடித்தபோதுதான், அந்த ஒரு பாதி முழுக்க நான் ஆஸ்பத்திரியை நினைக்கவே இல்லை என்பது உறைத்தது.

பிறகு ஒரு தாய் சொல்லித்தான் தெரியும், நேரம் பார்க்க வேண்டியவர் அன்று சரியான நேரத்துக்கே வந்திருந்தாராம். “நீ மேலே போய்க் கோப்பி குடி” என்று அனுப்பிவிட்டாராம் பெரியவர். அந்த மனிதர் முழு ஆட்டத்தையும் வாங்கில் இருந்து பார்த்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமையும் கதிரை காலியாக இருந்தது. அதற்கடுத்ததும். ஆட்டங்களுக்கு இடையில் அவர் கதை சொல்லுவார். சாரணர் பிள்ளைகளிடம் இருந்து 1938இல் பிறந்த கழகம் இது, சாரணரை இங்கே ஃபாடி என்பார்கள், பெயரே அதில் இருந்து வந்ததுதான். அப்போது மண்டபம் கிடையாது, கால்பந்து மைதானத்தில், புல்லில், பக்கத்துக்கு 11 பேர் விளையாடுவார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் அந்தப் புல்வெளி ஆட்டத்தில் சுவிஸ் வெண்கலம் வென்றதாம். நான் நம்பாமல் பார்த்தேன், உண்மைதான். பிறகு மழையும் பனியும் இல்லாத மண்டபத்துக்குள் ஆட்டம் நகர்ந்தது. 1972இல் மூனிச் ஒலிம்பிக்கில் சேர்ந்ததும் மண்டப ஹாண்ட்போல்தான்.

சம்பியன் பட்டங்களை அவர் வேகமாகக் கடந்துவிடுவார். 1992இல் முதலாவது, 90களில் பட்டம் மேல் பட்டம், 2004க்குப் பிறகு ஒன்றுமில்லை. ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஷாஃப்ஹவுசனின் கடெட்டன் கழகம் அனேகமான வருடங்களில் வெல்வதை 17 வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021இல் திரும்பவும் பட்டம் வந்தபோது கோவிட் கட்டுப்பாடு, மண்டபத்தை நிறைக்க முடியவில்லை. “பரவாயில்லை, நான் வீட்டில் இருந்து கத்தினேன்” என்றார்.

அவர் நின்று நிதானமாகச் சொல்வது பிள்ளைகளின் கதையை. 1972இல் இன்னொன்றும் நடந்தது, யூகென்ட் உன்ட் ஸ்போர்ட் என்ற அரசின் இளையோர் விளையாட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் இருந்தது பையன்களை இராணுவத்துக்குத் தயார்படுத்தும் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. புதுத் திட்டம் இருபாலாருக்கும் கதவைத் திறந்தது. பயிற்சியாளர்களுக்கு வகுப்பு நடத்துகிறது, பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் கணக்கைப் பார்த்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. எங்கள் மகனின் பயிற்சியாளன், தானே இன்னும் இளையோர் அணியில் விளையாடும் பையன், ஒவ்வொரு பயிற்சியிலும் கைபேசியில் பெயர்களைக் குறித்துக்கொள்வது இதற்குத்தான். சூரிச் மாநிலத்தில் 14 வயதிலேயே உதவிப் பயிற்சியாளராகப் பழக்கும் திட்டமும் இருக்கிறது. நேற்று மென்பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை இன்று அடுத்த வரிசைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து நாடா கட்டிவிடுகிறது. பெரியவரும் அப்படி வந்தவர்தான். புல்லில் எறியத் தொடங்கி, மண்டபத்தில் எறிந்து, பயிற்சி கொடுத்து, முழங்கால் போனபின் மேசைக்கு வந்தாராம்.

நம்மவர்கள் பிள்ளையை எங்கே சேர்த்தாலும் முதலில் கேட்பது, “இதில் எதுவரை போகலாம்?” என்பது. நானும் ஒருநாள் கேட்டேன். ஜெர்மன் லீக்கில் தொடர்ந்து ஐந்து முறை சிறந்த வீரராகி, இப்போது சுவிஸ் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருக்கும் ஆன்டி ஷ்மிட்டைப் பற்றிச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். நடுவர், கேக் விற்கும் பெண், கோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தவர், எல்லோரும் ஒருகாலத்தில் இங்கே இளையோர் அணியில் ஆடியவர்களாம். “இதுவரை போகலாம்” என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஆட்டத்தில் என் மகன் எதிரணிப் பையனைப் பின்னால் இருந்து இழுத்துவிட்டான். நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார், 2 நிமிடம் வெளியே. அவன் எப்போது திரும்ப உள்ளே போகலாம் என்ற நேரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைக்க வேண்டியது நான். கை நடுங்க எழுதினேன். அவன் வாங்கில் இருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் முன்னால் பார்த்தபடியே, “மேசையில் அம்மா இல்லை” என்று முணுமுணுத்தார். முழுதாக 2 நிமிடம் இருக்கவைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவன் என்னோடு சண்டை பிடித்தான். ஒரு செக்கன்கூடக் குறைக்கவில்லையே, நீங்களெல்லாம் ஒரு அம்மாவா என்று. அப்பாவுக்கு அப்படி ஆனதில் இருந்து அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. சொல்லாமலே கோப்பை கழுவுவான், தானே நித்திரைக்குப் போவான். அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க அவன் கத்தினான். நானும் விடாமல் வாதாடினேன். ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டு பேருக்கும் பசி.

அன்றைக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டோம்.

உதவி செய்தவர்கள் எங்கள் சுமையில் கொஞ்சத்தை இறக்கி வைத்தீர்கள். அது இல்லாமல் நாங்கள் நிமிர்ந்திருக்க முடியாது. பெரியவர் செய்தது வேறு. என் கையில் ஒரு வேலையைத் தந்து, சரியாகச் செய்யாவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும் என்று நம்பவைத்தார். அவருக்கு இது திட்டமா, பழக்கமா, தெரியவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளை வளர்த்த ஆளுக்கு, கதவடியில் நிற்பவரை எப்படி உள்ளே எடுப்பது என்று யோசிக்கத் தேவைப்பட்டிருக்காது.

இனி என் பக்கம். மேசை வேலைக்கான வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். உடுப்புப் பையை இந்த மாதம் முதல் எங்கள் முறைக்கு எங்களிடமே தாருங்கள் என்று சொல்லியாகிவிட்டது, இவர் உடுப்புக் காயப்போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 2028இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியை ஸ்பெயின், போர்த்துக்கலோடு சேர்ந்து சுவிஸும் நடத்துகிறது, அதற்கு மூன்று பேருமாகப் போவதென்று தீர்மானம். பிள்ளைகளை ஏதாவது கழகத்தில் சேர்க்க யோசிப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து பாருங்கள். நான் மேசையில் இருப்பேன். ஆட்டம் நடக்கும்போது மட்டும் கதை கேட்காதீர்கள், நேரம் பார்க்க வேண்டும்.