நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஃபைன் கட்டி வழக்கை முடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்டத்தில் நர்ஸிங் படித்தவர் இல்லாத தெரு அரிது. வழித் தகராறு, வேலித் தகராறு என்று புகார் கொடுக்கும்போது எதிர்வீட்டில் உள்ள அத்தனை பேரையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதும் இங்கே சாதாரணம். அப்படித்தான் வளைகுடாவுக்கோ, கேரள ஆஸ்பத்திரிக்கோ, அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும் பெண்கள் ஒரு எஃப்.ஐ.ஆரில் மூன்றாம் எதிரி, நான்காம் எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) ஆகிவிடுகிறார்கள்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். புகார் பெற்றதற்குக் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு அல்ல. அதற்காகப் பயந்து விண்ணப்பத்தை நிறுத்த வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். இருந்தால் அது நீதிமன்றத்தில் கோப்புக்கு எடுக்கப்பட்டு சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் நீதிமன்ற வழக்கு எண் விழுந்திருக்கிறதா என்று நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பார்க்கலாம். நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி ஆகியவற்றில் எந்த நீதிமன்ற எல்லை என்று தெரிந்துகொண்டு, பெயரையோ எஃப்.ஐ.ஆர். எண்ணையோ ஆண்டோடு கொடுத்தால் போதும். பெயரின் எழுத்து மாறினால் கிடைக்காது. இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு முக்கியம். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் பாஸ்போர்ட்டை மறுக்கச் சொல்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். அந்தக் கணக்கில் வராது. வழக்கு கோப்புக்கு வந்துவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை: வெளிநாடு செல்ல அந்த நீதிமன்றத்திடமே அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால், மத்திய அரசின் 1993-ம் ஆண்டு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதி வாங்க வேண்டும். எழுதாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை விசாவுக்கு அலைய முடியாது.

இனி, மிக அதிகமாக நடக்கும் தவறு. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிரலாம், இன்றைக்கே முடிஞ்சிரும்" என்று சொல்லித் தருகிறார்கள். சில நூறு ரூபாயில் அன்றே முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனை. நிலுவை வழக்குக்காவது ஒரு முடிவு உண்டு. "எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு அதன்பிறகு ஆயுள் முழுவதும் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சண்டைகளில் வழக்கமாக வருபவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாச வார்த்தை), 323 (அடித்தது), 506(1) (மிரட்டியது). 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றில், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, அதே வரிசையில் 296(பி), 115(2), 351(2). இவற்றில் அடித்ததும் மிரட்டியதும் ராஜி ஆகக்கூடியவை, அதாவது இருதரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளக்கூடியவை. புகார்தாரர் வந்து நீதிமன்றத்தில் ராஜி சொன்னால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஆபாச வார்த்தைப் பிரிவு மட்டும் ராஜிக்கு அடங்காது. அது ஒட்டிக்கொண்டிருந்தால், இருதரப்பும் சமாதான மனுவோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் மூன்றாண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் காலவரம்பைக் காட்டியும் ரத்து கேட்கலாம். எது கிடைத்தாலும் நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையப் பதிவேட்டில் பழைய நிலையே இருந்தால் அந்த நகல்தான் பேசும்.

திருவனந்தபுரத்தில் டியூட்டி என்று வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். வழக்கறிஞர் மூலம் ஆஜராகாமைக்கு மனு (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 317, புதிய சட்டத்தில் 355) போட அதிக நேரம் ஆகாது.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். தண்டனையை மட்டும் கேட்டால் அதற்கு மட்டும் பதில். நிலுவை வழக்கைக் கேட்டால் எண், பிரிவு, நீதிமன்றம், இன்றைய நிலை நான்கையும் எழுதுங்கள். அமெரிக்காவில் இந்தக் கேள்வி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் நிலுவைக் குற்றச்சாட்டையும் கேட்கிறது. வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது பற்றிய அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் பெண்களுக்குப் பெரிய பிடிமானம்: சிறு வழக்கை உள்ளபடி சொன்னவரை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டு வேலைக்கு எடுக்க நியமன அதிகாரிக்கு உரிமை உண்டு. மறைத்தவரின் நிலை வேறு. வழக்கில் விடுதலை ஆன பிறகும் மறைத்ததற்காகவே வேலை போகலாம்.

மாவட்டக் காவல் துறையிடம் ஒரு வேண்டுகோள். சரிபார்ப்பு அறிக்கையில் "வழக்கு உள்ளது" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், விசாரணையிலா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதா என்று எழுதித் தர வேண்டும். அந்த ஒரு வரியால் விசா தேதியே கடந்துபோகிறது. நர்ஸிங் கல்லூரிகளும் இறுதியாண்டு மாணவிகளுக்கு இதை ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
தக்கலை.