தல்லாகுளம் வரை நடந்த மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

டெல்லியையே பணிய வைத்துவிட்டோம், ஊருக்குள் இருக்கிற சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினைக்கும் அதே மாதிரி ஒரு நடை போனால் முடிந்துவிடாதா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஜெயித்தது சின்ன விஷயமில்லை. 2024 நவம்பரில் நம்ம மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தி வந்தபோது, அரிட்டாபட்டி மலை அவ்வளவுதான் என்று நானே நினைத்தேன். இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊர் ஊராகக் கிராமசபையில் தீர்மானம் போட்டீர்கள். டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையம் வரை ஆயிரக்கணக்கான பேர் நடந்தீர்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்து.

ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று யோசித்துப் பார். கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். எல்லாச் சாதிக்காரர்களும், எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். எதிராளி எங்கேயோ இருந்தான், நம் தெருவில் அவனுக்குச் சொந்தபந்தம் கிடையாது. சுடுகாட்டுப் பாதை விஷயத்தில் எதிராளி உன் பெரியப்பாவும் என் பங்காளிகளும். தார் ரோடு நம் தெரு வழியாகப் போகிறது. அதில் தலித் காலனிக்காரர்களின் சவத்தை விடமாட்டோம் என்கிறோம். காலனிக்காரர்கள் ஐப்பசி மழையில் பாடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்குகிறார்கள். முன்னால் பிடிக்கிறவன் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நிற்க, பின்னால் வருகிறவன் பாடை சரியாமல் தோளைக் கொடுக்கிறான். அவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்திப் போராடலாம்தான். மறுநாள் அடுப்பு எரியாது. கூலி கொடுப்பதும் நாம்தானே!

இதே மேலூர்ப் பக்கம்தான் மேலவளவும். தனித் தொகுதியான ஊராட்சியில் முறைப்படி தேர்தலில் நின்று ஜெயித்த முருகேசனை, 1997 ஜூன் 30ஆம் தேதி ஆதிக்க சாதிக்காரர்கள் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவரோடு வந்தவர்களையும் விடவில்லை. அவர் கையில் இருந்தது ஓட்டு மட்டும்தான். அந்தப் பக்கம், உசிலம்பட்டிப் பகுதியில், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் வேறு வழி பிடித்தார்கள். தங்களுக்கு வேண்டிய ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 1996இல் தனித் தொகுதியான இந்த ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் நாற்காலி காலி. உதயச்சந்திரன் கலெக்டராக இருந்து பேசிப் பேசித்தான் தேர்தல் நடந்தது.

உத்தப்புரத்தையும் பார். 2008 மே மாதம், தலித் மக்களைப் பிரித்து வைத்திருந்த தீண்டாமைச் சுவரில் கொஞ்சம் இடித்துப் பாதை விட்டார்கள். உடனே ஆதிக்க சாதிக்காரர்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நீங்கள் நடந்த மாதிரியே, கத்தி கம்பு இல்லாத போராட்டம்தான் அதுவும். அதனால் சாத்வீகம் என்று சொன்னாலே போதும் என்று நினைக்காதே. யாரை வெளியே நிறுத்தி வைக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உத்தப்புரத்தில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போக 2011 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை மனு, எத்தனை பேச்சுவார்த்தை.

அப்புறம் எப்படித்தான் ஜெயிப்பது என்று கேட்பாய். 1939 ஜூலை 8ஆம் தேதி, அதுவரை தலித்துகளை உள்ளே விடாத மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனவர்களில் நம்ம தும்பைப்பட்டி கக்கனும் ஒருவர். பிறகு உள்துறை மந்திரியானாரே, அவரேதான். கூட்டிப் போனவர் வக்கீல் வைத்தியநாத ஐயர். தன் சாதிக்காரர்களின் ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கொண்டவர். உள்ளே விட்டவர் கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. பட்டர்கள் சிலர் பூசை செய்ய மாட்டோம் என்று நின்றபோதும் அவர் பின்வாங்கவில்லை. இவர்கள் மேல் வழக்குப் பாயாமல் இருக்க ராஜாஜி அரசு சட்டமே கொண்டுவந்தது. வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களின் துணிச்சல்தான் ஆதாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குக் கதவுக்கு உள்பக்கம் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் ஆட்களை விட்டு விலகி வந்தார்கள். நம்ம ஊரில் இதுவரை அப்படி ஒருவரும் வரவில்லை.

ஆகவே பேனர், மைக் செட், நடைபயணம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அது காலனிக்காரர்களை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நின்று கைதட்டுகிற வேலையாகத்தான் முடியும். ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போ. டங்ஸ்டன் தீர்மானம் எழுதிய அதே நோட்டில், தார் ரோடு வழியாகச் சவ ஊர்வலம் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதச் சொல். அதற்கு முன்னால் காலனியில் போய்க் கேட்டுக்கொள். அவர்கள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வா. அவர்களுக்குச் சம்மதம் என்றால், முதல் கையெழுத்து நம் தெருவிலிருந்து விழ வேண்டும். உன்னோடு தல்லாகுளம் வரை நடந்த நம் பங்காளி வீட்டுப் பையன்களில் யார் யார் போடுவார்கள் என்று விசாரித்துப் பெயரோடு எழுது. அக்காவிடம் இப்போதே சொல்லிவிடு, வீட்டில் சத்தம் வரும். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா