கேரட் எந்த ஊர்த் தோட்டத்தில் விளைந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உழவர் சந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது எங்கள் மதுரையில். 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் அன்றைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்தார். பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அது பிறந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் ஒரு குறையை எழுதுகிறேன்.

ஏற்பாடு எளிமையானது. விளைவித்தவரே விற்க வேண்டும். தரகு இல்லை, கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். அன்றாட விலையை அதிகாரிகளும் விவசாயிகளுமாகக் கலந்து, மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். இதில் விற்பவருக்கும் லாபம், எங்களுக்கும் லாபம். தள்ளுவண்டிக்காரர்கூடத் தக்காளி விலை சொல்லும்முன் அந்தப் பலகையை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்.

விலையைவிட எனக்குப் பிடித்தது அங்கே நடக்கும் பேச்சு. பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தாயிற்றா, அலங்காநல்லூர்ப் பக்கம் மழை உண்டா என்பதெல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரியவருவது காய் வாங்கப் போனவர்கள் மூலம்தான். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மூதாட்டியிடம் கத்தரிக்காய் வாங்குவேன். நான் பொறுக்கியதில் இரண்டைத் தட்டிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டார். காம்புக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் ஓட்டை. உள்ளே புழு இருக்கும் என்றார். மழை விடாமல் பெய்ததால் மருந்தடிக்க முடியவில்லையாம். எந்தக் கடையில் இதைச் சொல்லி விற்பார்கள்?

என் குறை இனிமேல்தான். நான் வழக்கமாகப் போகும் சந்தையில் இப்போது சில கடைகளில் கேரட், உருளைக்கிழங்கு, முருங்கை, வெண்டை, தேங்காய், இஞ்சி என எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. கொடைக்கானல் மலையில் விளைவித்தவர் கேரட்டைக் கொண்டுவந்து விற்றால் மகிழ்ச்சியே. ஆனால் கேரட்டும் முருங்கையும் ஒருவர் தோட்டத்திலேயே விளைகின்றன என்றால் அந்தத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறேன். விடியுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டையாக வாங்கி, யாரோ ஒரு விவசாயியின் உழவர் சந்தை அடையாள அட்டையை வைத்துக்கொண்டு விற்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்களே முணுமுணுக்கிறார்கள். உண்மையான விவசாயியிடம் இரண்டு மூன்று காய்கள்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிப் போகும் அவசரத்தில் நாங்களும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் மிஞ்சிய கீரைக்கட்டோடு பஸ் ஏறுகிறார்.

வாசலுக்கு வெளியே சாக்கு விரித்து விற்கும் பெண்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர்கள் வாங்கி விற்பவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விவசாயி என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அவர்களை விரட்டுவதற்குக் காட்டும் சுறுசுறுப்பில் பாதியை அதிகாரிகள் உள்ளே காட்டலாம்.

அட்டை தருவதற்கு முறை இல்லாமல் இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்களும் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பிறகே தரவேண்டும். பயிர் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே சரிபார்ப்பும் பருவத்துக்குப் பருவம் நடக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் விற்பவரின் ஊரையும் இந்தப் பருவத்தில் அவர் நிலத்தில் நிற்கும் பயிரையும் எழுதி வைத்தால், மீதியை வாங்குகிற நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பத்து மணிக்கு வருவதில் பயனில்லை. அப்போது பாதிச் சந்தை காலியாகிவிடும். காய் வந்து இறங்கும் விடியற்காலையில் வாசலில் நின்று, எந்த வண்டி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.