அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய படங்களைத் துடைத்துப் புதுப்பித்து டிஸ்க்கில் விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் புதிது என்றாலே பழசைவிட மேல் என்று ஒரே போடாகப் போட்டதுதான் ஒரு வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஒரே படத்தை நான்கு தடவை காசு கொடுத்து வாங்கியவன். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

படம், இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. 1966ல் இத்தாலியில் வந்தது. லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த பையனுக்கு கௌபாய் படம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை (டெக்ஸும் இத்தாலிக்காரர்களின் கைவண்ணம்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது). முதலில் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில். அகலத் திரைக்கு எடுத்த படத்தைச் சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள், கிட்டத்தட்ட பாதிப் படம் காணோம். கடைசியில் கல்லறைத் தோட்டத்து வட்டத்தில் மூன்று பேரும் மூன்று மூலையில் நிற்கும் காட்சியில், எனக்குத் தெரிந்தது ஒரு ஆளின் தோளும் நிறைய மண்ணும்தான். மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறான் என்பதே டிவிடி வாங்கிய பிறகுதான் புரிந்தது.

அந்த முதல் டிவிடி இன்னொரு கூத்து. படம் முழு அகலத்துக்கு இருந்தது, சரி. ஆனால் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் படத்தோடு சேர்த்தே பதிந்துவிட்டிருந்தார்கள். பழைய பெட்டி டிவி இருந்தவரை தெரியவில்லை. அகல டிவி வாங்கி மாட்டிய அன்று பார்த்தால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை மாதிரி நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட். அட்டையில் 161 நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஓடியதோ 154 நிமிடம் சொச்சம். எந்தக் காட்சியைத் திருடினார்கள் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒன்றையும் திருடவில்லை. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) ஒளிபரப்பு முறைக்காக, நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டியதில் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடிவிட்டது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும். என்னியோ மோரிகோனேயின் இசையை வருடக்கணக்காகக் கிட்டத்தட்ட அரைக்கட்டை தூக்கித்தான் கேட்டிருக்கிறேன். இதில், போடும்போதெல்லாம் திருட்டு டிஸ்க் வாங்காதே என்று நாலைந்து மொழியில் எச்சரிக்கை வேறு, தாண்டிப் போகவும் முடியாது. பர்மா பஜாரில் முப்பது ரூபாய்க்கு வாங்கியவனுக்கு உள்ளே தள்ளியதும் படம் ஓடுகிறது, உபதேசம் எல்லாம் காசு கொடுத்து வாங்கிய எனக்கு!

2004ல் வந்த பதிப்பு 179 நிமிடம் என்று கேள்விப்பட்டதும் அமெரிக்காவில் இருந்து வந்த சொந்தக்காரரிடம் சொல்லி வரவழைத்தேன். ஆசையாகப் போட்டால் பிளேயர் துப்பிவிட்டது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்காவின் மண்டலம் 1, நாம் மண்டலம் 5. ரிப்பேர் கடைப் பையன் ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்திப் பூட்டைத் திறந்து கொடுத்தான், அதற்கு நூறு ரூபாய்.

இந்தப் பதிப்பைப் பற்றித்தான் உங்கள் கட்டுரையாளரிடம் பேச வேண்டும். அன்று ஆங்கிலப் பதிப்பில் இல்லாமல் போன காட்சிகளை இதில் திரும்பச் சேர்த்தார்கள். அவற்றுக்கு ஆங்கிலக் குரல் இல்லை. அதனால் ஈஸ்ட்வுட்டையும், டூக்கோவாக நடித்த ஈலை வாலக்கையும் உட்கார வைத்துப் புதிதாகப் பேச வைத்தார்கள். அப்போது ஈஸ்ட்வுட் எழுபதைத் தாண்டியவர், வாலக் எண்பதைத் தாண்டியவர். மூன்றாவது ஆளாக நடித்த லீ வான் கிளீஃப் 1989லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவருக்கு வேறு ஒருவர் பேசியிருக்கிறார். டூக்கோ குகைக்குள் உட்கார்ந்து ஆள் சேர்க்கிற காட்சி வருகிறது. வாய் ஐம்பது வயதுக்காரனுடையது, அதிலிருந்து வருவதோ ஒரு தாத்தாவின் தழுதழுத்த குரல். அதுகூடப் பரவாயில்லை, மனிதர் அந்த வயதில் உயிரைக் கொடுத்துப் பேசியிருக்கிறார். ஆனால் அதோடு விட்டார்களா? ஐந்து ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலி வேண்டும் என்று துப்பாக்கிச் சத்தங்களையும் பீரங்கிச் சத்தங்களையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்துவிட்டார்கள். ஒரே ஸ்பீக்கருக்கான பழைய ஆங்கில மோனோ ஒலியை ஓர் ஓரமாகவாவது கொடுத்திருக்கலாம், அதுவும் அந்த டிஸ்க்கில் கிடையாது.

சத்தம்தானே என்று நினைக்கக் கூடாது. இந்த இத்தாலிய கௌபாய் படங்களைப் படப்பிடிப்பில் பதிந்த ஒலியை வைத்து முடிப்பதில்லை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், வசனம், பூட்ஸ் காலடி, குதிரைக் குளம்பு, குண்டு எல்லாமே பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பது. ஆகவே அதில் ஒரு வெடிச்சத்தம் கேட்கிறதென்றால் அதை ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய ஒலியில் ஒரு தோட்டா புறப்பட்டால் பீரங்கிக்கு இருக்கிற கெத்தோடு புறப்படும், பாறையில் பட்டுச் சிதறும்போது 'ட்ட்டியூங்' என்று நீளமாக ஒரு ஊளை. நிஜத் துப்பாக்கி அப்படிக் கத்தாதுதான், அதற்காகவே வைத்தது அது. புதுச் சத்தம் கனமாக இருக்கிறது, சுவர் அதிர்கிறது, எந்தப் படத்திலும் கேட்கக்கூடிய சத்தமாகவும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "சுட்டான், செத்தான், இதில் என்ன வித்தியாசம் கேட்கிறது உங்களுக்கு?" என்றாள். பழைய டிஸ்க்கைப் போட்டு ஒரே காட்சியை இரண்டு தடவை காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழசு கொஞ்சம் திமிரா இருக்கு" என்றாள். அதேதான்.

அப்புறம் 2014. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பழைய படங்களைப் புதுப்பிக்கும் கூடத்தில் 4கே என்கிற மிக நுணுக்கமான தரத்தில் படத்தைப் புதிதாக ஸ்கேன் செய்து புளூ-ரே விட்டார்கள். நுணுக்கத்தில் குறை சொல்ல முடியாது. இந்தப் படத்தை எடுத்த டெக்னிஸ்கோப் என்பது செலவு குறைக்க ஒரு பிரேமுக்கு, பிலிம் ஓரத்தில் இருக்கும் துளைக் கணக்கில் நாலு துளைக்குப் பதில் இரண்டே துளை உயரத்தில் எடுக்கிற முறை. பிலிம் பாதிதான் செலவாகும், அதற்கேற்ப படமும் சிறிசு, பெரிதாக்கினால் மணல்மணலாகத் தெரியும். லியோனியின் முகங்களுக்கு அந்த மணல் வேண்டும். வியர்வை, தாடி முள், வெயிலில் வெடித்த உதடு, இதையெல்லாம் மழமழவென்று துடைத்தால் மெழுகுப் பொம்மைதான் மிஞ்சும். அந்தத் தப்பை இதில் செய்யவில்லை. ஆனால் நிறம்! வானம் மஞ்சள், சட்டை மஞ்சள், மேகம்கூட மஞ்சள். படம் எடுத்த ஸ்பெயினைக் காமாலை வந்தவன் கண்ணால் பார்க்கிற மாதிரி. எனக்கு முதலில் டிவி மீதுதான் சந்தேகம், அரை மணி நேரம் செட்டிங்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.

2017ல் வந்த புளூ-ரேயில் மஞ்சளை ஓரளவு இறக்கி, பழைய ஆங்கிலத் திரையரங்குப் பதிப்பையும் மோனோ ஒலியையும் கொடுத்தார்கள். நான்காவது செலவு. கல்லறைத் தோட்டத்தில் டூக்கோ மோரிகோனேயின் இசையோடு ஓட ஆரம்பித்து, கல்லறைகள் கோடுகோடாகச் சுழல்கிற இடத்தில், ஒரே ஒரு ஸ்பீக்கரில் இருந்து வந்த அந்தக் கரகரப்பான ஒலி போதுமாக இருந்தது. மிச்ச நாலையும் கழற்றிப் பரண்மேல் போட்டாயிற்று.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் டிஸ்க் விமர்சனம் எழுதுகிறவர்கள் படத்தின் கதையை ஒன்றரைப் பத்தி சொல்லிவிட்டு, "தரம் அருமை" என்று நாலு நட்சத்திரம் போட்டு முடித்துவிடுகிறார்கள். கதை எங்களுக்குத் தெரியும். எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் ஓடுகிறது, பக்கவாட்டில் வெட்டியிருக்கிறதா, படம் வந்தபோது இருந்த ஒலி உள்ளே இருக்கிறதா, எந்த மண்டலத்து டிஸ்க், இந்த ஐந்தையும் இரண்டு வரியில் போடச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார், அட்டையில் இருப்பதோ நடிகர்களின் தலை மட்டும்.

சென்ற இதழ்க் கட்டுரையாளர் விரும்பினால் என் நான்கு டிஸ்க்குகளையும் கொடுத்து அனுப்பத் தயார். 2004 பதிப்பைத் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை