மகனின் சீருடைக்கு அப்பாவுக்கு வாக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல் பற்றிய கட்டுரைகளில், வேட்பாளர் வீட்டில் யார் யார் ராணுவத்தில் இருந்தார்கள் என்ற தகவல் தவறாமல் வருகிறது. அதனால் எவ்வளவு வாக்கு கூடும் என்ற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இப்போது என் மகனும் அங்கே இருக்கிறான். அதனால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வாக்காளர்கள் மனம் இளகுவதை நான் குறை சொல்லமாட்டேன். அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973-லேயே நின்றுபோனது. இன்று முழுநேரப் படைப்பணியில் இருப்பவர்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போருக்கு அனுமதி கொடுக்கும் பெரியவர்களின் பிள்ளைகள் போர்முனைக்குப் போவது அபூர்வம். அந்த ஆதங்கம் அங்கே மக்களிடம் நிறைய உண்டு. 2007-ல் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த மிட் ராம்னியிடம் அயோவா மாநிலத்தில் ஒரு பெண், உங்கள் ஐந்து மகன்களில் யாராவது ராணுவத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் ஜெயிப்பதற்கு உதவுவதும் அவர்கள் நாட்டுக்கு ஆதரவு காட்டும் ஒரு வழிதான் என்ற பொருளில் ராம்னி பதில் சொன்னார். கண்டனம் கிளம்பியதும், தவறாகப் பேசிவிட்டேன் என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, பிள்ளையை அனுப்பிய தகப்பன் போர் விஷயத்தில் நிதானமாக இருப்பார் என்று நம்பலாமா? இரண்டு பேரைப் பாருங்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தின் டிம் ஜான்சன் 2002-ல் அந்நாட்டு மேலவையான செனட்டுக்கு மறுபடியும் போட்டியிட்டபோது, அவருடைய மகன் தரைப்படையில் இருந்தார். ஜான்சன் வெறும் 524 வாக்குகளில் ஜெயித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இராக் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்திருந்தார். மகன் பிறகு அந்தப் போருக்கே போனார். அடுத்தவர் வர்ஜீனியா மாநிலத்தில் செனட்டுக்குப் போட்டியிட்ட ஜிம் வெப். 2006-ல் அவர் மகன் இராக்கில் இருந்தார். மகனின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டே வெப் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்ற அவர், அந்தப் போரைக் கடுமையாக எதிர்த்தவர். இரண்டு பேருமே பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்கள்தான். ஆனால் போர் வேண்டுமா வேண்டாமா என்பதில் இருவரும் நேர் எதிர். மகன் படையில் இருக்கிறான் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அப்பா அவையில் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று சொல்லவே முடியாது.

2008 அதிபர் தேர்தல் இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னின் தாத்தாவும் அப்பாவும் நான்கு நட்சத்திர அட்மிரல்கள். அவரே ஐந்தரை ஆண்டுகள் வியட்நாமில் போர்க்கைதியாகச் சித்திரவதை அனுபவித்தவர். ஒரு மகன் மரைன் படைவீரராக இராக்குக்குப் போய்வந்தார். அந்த மகனைப் பற்றிப் பிரசாரத்தில் அவர் அதிகம் பேசாமல் இருந்ததை நான் இன்றும் மதிக்கிறேன். அவருடைய துணை வேட்பாளர் சாரா பேலினின் மகனும், எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடனின் மகன் போவும் அந்த இலையுதிர் காலத்தில்தான் இராக் பணிக்குக் கிளம்பினார்கள்.

அதே ஆண்டு மே மாதம், வெப் கொண்டுவந்த கல்வி உதவித் திட்டம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று ஆண்டுகள் பணி செய்த வீரருக்கு, அவர் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் தரும் திட்டம் அது. 75-க்கு 22 என்று நிறைவேறியது. மெக்கெய்ன் அதை எதிர்த்து வந்தவர். அன்று அவைக்கு வரவில்லை. சீக்கிரமே சலுகை கிடைத்தால் அனுபவமுள்ள வீரர்கள் படையை விட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் வாதம். நேர்மையான வாதம்தான், ஆனால் நான் ஏற்கமாட்டேன். சண்டைக்குப் போய்வந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் படிப்புதான் அடுத்த வாழ்க்கை. அதைக் காட்டி அவனைப் படையில் பிடித்து வைப்பது சரியில்லை. மெக்கெய்னை எதிர்த்து நின்ற, ராணுவத்தில் ஒருநாள்கூட இல்லாத ஒபாமா அந்தத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். குடும்பத்தின் பதக்கங்களை மட்டும் பார்த்து வாக்களித்த ஒரு வீரனின் தாய்க்கு இந்த விவரம் தெரிந்திருக்குமா?

பிள்ளை பட்டாளத்தில் சேருவது பிள்ளையின் முடிவு. என் மகன் சேரும்போது என்னிடம் அனுமதி கேட்கவில்லை, ஆசிதான் கேட்டான். அவன் பனியில் நிற்பதற்கு ஊரில் எனக்கு மரியாதை கிடைக்கிறது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அதெல்லாம் அவனுக்குச் சேர வேண்டியது; அதை நான் எடுத்துக்கொண்டு வாக்குக் கேட்டால் அது நியாயமாகாது.

நம் நாட்டில் தேர்தல் ஆணையம் 2013-லேயே, பிரசாரத்தில் ராணுவத்தினரின் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. 2019 மார்ச்சில் அதை மறுபடியும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. விங் கமாண்டர் அபிநந்தனின் படம் கட்சி விளம்பரப் பலகைகளில் ஏறிய சமயம் அது. உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியவரின் முகத்தைச் சின்னத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அறிவுரை படங்களைத் தடுக்கலாம். மேடையில் ஏறி, என் பையனும் எல்லையில் நிற்கிறான் என்று பேசுவதை எப்படித் தடுப்பது? அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நாம்தான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த நாட்டு வேட்பாளரைப் பற்றி எழுதினாலும், அவர் வீட்டில் சீருடை போட்டவர்களைத் தாராளமாகக் குறிப்பிடுங்கள். அப்புறம் அதன் பக்கத்திலேயே, போர்த் தீர்மானம் வந்தபோது அவர் எப்படி வாக்களித்தார், வீரர்களின் ஓய்வூதியத்துக்கும் ஊனமுற்றவர்களின் சிகிச்சைக்கும் போர் விதவைகளின் உதவித்தொகைக்கும் அவையில் என்ன பேசினார் என்பதையும் போடுங்கள். எங்கள் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் வீடுகள் நிறைய உண்டு. நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.