மீட்டரிலும் கழித்தல் குறியிலும் போகும் மதிப்பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் லென்சின் திறன் (அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) பற்றிய கணக்கு வந்தால், சூத்திரம் தெரியாமல் மதிப்பெண்ணை விடும் மாணவர்கள் குறைவு. சென்டிமீட்டரிலும் கழித்தல் குறியிலும்தான் கோட்டை விடுகிறார்கள்.

லென்சிலிருந்து இணைக் கதிர்கள் குவியும் புள்ளி வரையுள்ள தூரம்தான் குவியத் தொலைவு; அதன் தலைகீழியே திறன். தொலைவு மீட்டரில் இருந்தால்தான் திறன் அதன் அலகான டையாப்டரில் வரும். 20 செ.மீ. குவிலென்சுக்கு 1/20 போட்டு 0.05 டையாப்டர் என்று முடித்துவிடுகிறார்கள். விடை +5. 100-ஐ சென்டிமீட்டர் அளவால் வகுத்தாலே போதும். மூக்குக்கண்ணாடியின் பவர் வழக்கமாக 0.25 படிகளில்தான் ஏறும், 0.05 வந்தாலே பிசகு என்று சந்தேகம் வர வேண்டும். அலகாக 'வாட்' எழுதுபவர்களும் உண்டு. வேலை செய்யும் வீதத்துக்கும் 'திறன்' என்றே படித்திருக்கிறார்கள், பாவம்.

லென்சுகளின் கூட்டமைப்பில் திறன்களைத்தான் கூட்ட வேண்டும், குவியத் தொலைவுகளை அல்ல. ஒளியை விரிக்கும் குழிலென்சுக்கு இரண்டுமே கழித்தல் குறியில் வரும். 20 செ.மீ. குவிலென்சும் 40 செ.மீ. குழிலென்சும் ஒட்டி வைக்கப்பட்டால் +5, −2.5, ஆக +2.5 டையாப்டர், குவியத் தொலைவு 40 செ.மீ. தொலைவுகளைக் கூட்டினால் −20 செ.மீ. வந்து, குவிக்கும் அமைப்பு விரிக்கும் அமைப்பாகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது, கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத தூரப்பார்வைக் கணக்கில். பிம்பத் தொலைவின் தலைகீழியிலிருந்து பொருள் தொலைவின் தலைகீழியைக் கழித்தால் குவியத் தொலைவின் தலைகீழி வரும். அண்மைப் புள்ளி (தெளிவாகத் தெரியும் மிகக் கிட்டத்து இடம்) 1 மீட்டர் உள்ளவர் 25 செ.மீ. தொலைவில் படிக்க என்ன லென்சு வேண்டும்? ஒளி வரும் பக்கத்துத் தொலைவுக்குக் கழித்தல் குறி என்பதால் பொருள் தொலைவு −25. இதில் தவறு வருவதில்லை. குவிலென்சு என்றாலே பிம்பத் தொலைவு கூட்டல் குறி என்று மனப்பாடம் செய்தவர்கள் +100 போடுகிறார்கள். 1/100 + 1/25, அதாவது 5/100. விடை +5 என்று தப்பாக வருகிறது. கண்ணாடி போட்டபின் கண்ணுக்குத் தெரிவது, புத்தகம் இருக்கும் அதே பக்கத்தில் 1 மீட்டர் தள்ளித் தோன்றும், திரையில் பிடிக்க முடியாத மாய பிம்பம். எனவே −100. அப்போது −1/100 + 1/25 = 3/100; திறன் +3 டையாப்டர்.

கிட்டப்பார்வைக் கணக்கு எளிது. பொருள் ஈறிலாத் தொலைவில் இருப்பதால், சேய்மைப் புள்ளி (தெளிவாகத் தெரியும் மிகத் தூரத்து இடம்) 80 செ.மீ. என்றால் குவியத் தொலைவு −80 செ.மீ., திறன் −1.25. இங்கே கழித்தல் குறியை விட்டால் குழிலென்சு குவிலென்சாகிவிடும்.

வீட்டில் தாத்தாவின் படிக்கும் கண்ணாடி +2.00 என்றால், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் முன்னே அதைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து சுமார் 50 செ.மீ. வரும்போது வெளியே தூரத்தில் நிற்கும் மரம் தலைகீழாகத் தெளிவாக விழும். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். மைனஸ் பவர் கண்ணாடியில் எவ்வளவு நகர்த்தினாலும் பிம்பம் விழாது. சூரியனை மட்டும் எந்தக் கண்ணாடி வழியாகவும் பார்க்கக் கூடாது.

இங்ஙனம்,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
தஞ்சாவூர்